நிற்கும் பனையின் விலை

நுழையும்முன்

இயற்கை நாரினால் ஆன பொருள்கள் நல்லவை என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆயினும் நாரை உரித்துப் பிழைப்போர் தொகை குறைந்துகொண்டே வருகிறது. பாராட்டுப் பெருகும் ஒரு தொழில் ஏன் சுருங்குகிறது? அதற்கான விடை பெரும்பாலும் வரவுசெலவுக் கணக்கில் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தொடங்கி, பனைநாரை முன்வைத்து அக்கணக்கைப் பார்க்கிறது இப்பாடம்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையை விட்டுச் சிறிது உள்ளே சென்றால் மண்டகப்பட்டு. அங்கே ஒரு பாறைக்குன்று. அதைக் குடைந்தெடுத்த சிறு கோயில். முகப்பின் இருபுறமும் கனத்த உடலுடன் நிற்கும் வாயிற்காவலர் இருவர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சிசெய்த பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், விசித்திரசித்தன் என்னும் பட்டப்பெயருடன் பொறிப்பித்த வடமொழிக் கல்வெட்டு இங்கு உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகிய நான்கும் இன்றி நான்முகன், சிவன், திருமால் ஆகிய மூவர்க்கும் இக்கோயிலைச் செய்வித்ததாக அது தெரிவிக்கிறது. தமிழகக் கட்டடக்கலை வரலாற்றைப் பயில்வோர் அனைவரும் அறிந்த செய்தி இது.

கோயிலைக் கண்டு திரும்புவோர் கண்ணில் அடுத்துப் படுவது பனை. செஞ்சிக்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட நிலம் பாறையும் செம்மண்ணும் ஏரிப்பாசனமும் கலந்தது. ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் பனைகள் நிற்கின்றன. இதே மாவட்டத்தில் விக்கிரவாண்டிக்கு அருகேயுள்ள பனையபுரம் தன் பெயரிலேயே பனையைத் தாங்கியுள்ளது. தேவாரப் பாடல் பெற்ற திருப்புறவார் பனங்காட்டூர் அவ்வூரே; அங்குள்ள கோயிலின் தலமரமும் பனையே. மரத்தின் தொன்மைக்கு இதைவிடச் சான்று வேண்டா.

அத்தகைய பனைகளுள் பல, இன்று தமிழகமெங்கும் செங்கல் சூளைகளுக்கு விறகாகச் செல்கின்றன. செங்கல் இன்றிக் கோயில் எடுத்ததைப் பெருமையாகக் கல்லில் பொறித்த வட்டாரத்திலும் நிலைமை வேறன்று. பனையை விற்பவர் பனையை வெறுப்பவர் அல்லர். மரமேறும் ஆள் கிடைப்பதில்லை. நுங்கும் பதநீரும் மேலேயே நின்றுவிடுகின்றன. காய்ந்த மட்டை வரப்பில் விழுந்து நடப்போர் காலைக் கிழிக்கிறது. வருவாய் தராமல் நிழலும் மிகுதியாகத் தராமல் நிற்கும் மரத்திற்குச் சூளைக்காரர் சில நூறு ரூபாய் தருகிறார். ‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்’ என்பது பழமொழி. பனைக்கோ விழுந்தால்தான் விலை என்னும் நிலை வந்துவிட்டது. நிற்கும் பனை, விழுந்த பனையைவிட ஆண்டுதோறும் மிகுதியாக ஈட்டித் தருமாயின் அரிவாளும் இரம்பமும் தாமே விலகும். பனைநார்த் தொழிலைப் பொருளாதார வழியில் நிலைநிறுத்துவது என்பதன் உட்பொருள் இதுதான்.

புறத்தே வயிரம்

புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பாகுபடுத்துகிறது. அவ்வகையில் வானளாவ நிற்கும் பனையும் தென்னையும் புல்லினம். முதன்முறை கேட்போர்க்கு வியப்பைத் தரும் இப்பாகுபாடு இன்றைய தாவரவியலோடு பெரிதும் ஒத்துப்போகிறது. பனை ஒருவித்திலைத் தாவரம். புல், மூங்கில், நெல் ஆகியவற்றுக்கு உறவு. வேம்பு, தேக்கு போன்றவற்றில் ஆண்டுதோறும் வளையம் வளையமாக வைரம் ஏறுகிறது. பனையில் நீரும் உணவும் செல்லும் குழாய்க்கற்றைகள் தனித்தனி இழைகளாகத் தண்டு முழுதும் சிதறிக்கிடக்கின்றன. வெளிவட்டத்தில் நெருக்கமாகவும் உள்ளே நெகிழ்வாகவும் அமைந்துள்ளன. அதனால்தான் பனையின் புறம் இரும்பாகவும் உள்ளீடு சோறாகவும் இருக்கின்றன. புயற்காற்றில் வளைந்து மீளும் ஆற்றலும் அந்த இழைகள் தந்ததே.

அவ்விழைகளே நமக்கு நார். ஓலைக்காம்பாகிய மட்டையின் புறத்தோலை உரித்தால் கிடைப்பது கட்டுவதற்கும் பின்னுவதற்கும் உதவும் நார். கட்டில் பின்னுவதற்கும் கூடை முடைவதற்கும் சிற்றூர்களில் அண்மைக்காலம் வரை அது பயன்பட்டது. மட்டையின் அடிப்பகுதி, மரத்தைக் கவ்விப் பிடிக்கும் கவட்டை போன்றது. அதைத் தட்டி நசுக்கிப் பிரித்தால் கிடைப்பது விறைப்பான, பழுப்பு நிற இழை. இதனைத் தும்பு என்பர். தூரிகைகளுக்கும் துடைப்பங்களுக்கும் ஏற்றது தும்பு. நீரில் நனைந்தாலும் எளிதில் துவளாது. தரையில் உரசினாலும் விரைந்து தேயாது. தெருக்கூட்டும் தூரிகைகளுக்கு அயல்நாட்டார் இதை விரும்பி வாங்கியதற்கு இப்பண்புகளே காரணம். தூத்துக்குடி நெடுங்காலமாகப் பனந்தும்பு ஏற்றுமதித் துறைமுகமாக விளங்கி வருகிறது.

மட்டை மரத்திலிருந்து தூரிகைத் தொழிலகத்தை அடையுமுன் பல கைகளைக் கடக்கிறது. வெட்டிய அடிமட்டையைக் கொட்டாப்புளியாலோ பொறியாலோ நசுக்க வேண்டும். பின்னர் இரும்புப் பற்கள் பதித்த சீப்பில் இழுத்துச் சீவினால் சோற்றுப்பகுதி உதிர்ந்து இழை தனித்து நிற்கும். அதனை உலர்த்தி, விறைப்பு, நிறம், நீளம் ஆகியவற்றால் தரம் பிரித்து, ஒரே அளவாக நறுக்கிக் கட்டுகளாகக் கட்டுவர். இவ்வேலைகளுள் பெரும்பகுதியைச் செய்வோர் பெண்கள். கருக்கு கையைக் கிழிக்கும். சீவும்போது எழும் தூசு மூச்சில் ஏறும். துடைப்பத்தை விலைபேசி வாங்கும்போது இவை நம் நினைவுக்கு வருவதில்லை.

தெரியுமா?
தாவர நார்களைக் கிடைக்கும் இடத்தைக் கொண்டு வகைப்படுத்தலாம். சணல், சணப்பை, புளிச்சை ஆகியவை தண்டின் பட்டையிலிருந்து கிடைப்பவை. கற்றாழை, வாழை, பனை ஆகியவற்றின் நார் இலையிலும் இலைக்காம்பிலும் மடலிலும் இருந்து வருவது. பருத்தியும் இலவம்பஞ்சும் விதையையும் காயையும் சார்ந்தவை. தென்னைநார் காயின் மட்டையிலிருந்து எடுக்கப்படுவது. ஐக்கிய நாடுகள் அவை 2009ஆம் ஆண்டைப் பன்னாட்டு இயற்கை நார் ஆண்டாக அறிவித்தது.

ஒரு நாளின் கணக்கு

‘மதிப்புக் கூட்டுங்கள், வருவாய் பெருகும்’ என்பது கைத்தொழில் செய்வோர்க்கு அடிக்கடி வழங்கப்படும் அறிவுரை. அறிவுரையில் தவறில்லை, ஆனால் அரைகுறையானது. அதனைச் சோதிக்க ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் எண்கள், நாள் ஊதியம் ஒன்றைத் தவிர, கணக்கின் போக்கை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. சந்தை விலைகள் அல்ல.

ஒரு பெண் நாள் முழுதும் கையால் மட்டையை நசுக்கி ஆறு கிலோ தும்பு எடுக்கிறார் என்க. வணிகர் கிலோவிற்கு ஐம்பது ரூபாய் தருகிறார். அவர் கையில் வருவது 300 ரூபாய். மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டிற்குத் தமிழ்நாட்டில் வரையறுக்கப்பட்ட நாள் ஊதியம் 319 ரூபாய். கருக்கும் தூசும் இல்லாத வேலையில் கூடுதல் ஊதியம் கிடைக்கும்போது, அவர் தும்புச் சீப்பின் முன் அமர்வதற்கு எக்காரணமும் இல்லை.

இப்போது மதிப்பைக் கூட்டுவோம். அதே ஆறு கிலோவைச் சீவி, தரம் பிரித்து, நறுக்கினால் முதல்தரம் நான்கு கிலோவும் இரண்டாந்தரம் ஒன்றரைக் கிலோவும் தேறுகின்றன, அரைக்கிலோ கழிவு. முதல்தரத்திற்குக் கிலோ 90 ரூபாய், இரண்டாந்தரத்திற்கு 40 ரூபாய் எனில் மொத்தம் 420 ரூபாய். 300 ரூபாய் 420 ஆகிவிட்டது. வெற்றி என்று மகிழத் தோன்றும். ஆனால் சீவித் தரம் பிரிக்க மேலும் அரைநாள் சென்றுள்ளது. ஒன்றரை நாளைக்கு 420 ரூபாய் எனில் ஒரு நாளைக்கு 280 ரூபாய். பொருளின் மதிப்பு கூடியது. உழைத்தவரின் நாள் மதிப்போ 20 ரூபாய் குறைந்தது.

மூன்றாவதாக, நசுக்கும் வேலையை ஒரு சிறு பொறி அரைநாளில் முடிக்கிறது என்க. மீதி அரைநாளில் சீவித் தரம் பிரிக்கலாம். ஒரே நாளில் 420 ரூபாய். பொறியின் மின்செலவிற்கும் தேய்மானத்திற்கும் 40 ரூபாய் கழித்தாலும் 380 ரூபாய் நிற்கிறது. இப்போதுதான் ஊரக வேலை ஊதியத்தைத் தாண்டுகிறோம்.

ஆக, நார்த்தொழிலில் கேட்கவேண்டிய முதற்கேள்வி ‘ஒரு கிலோ என்ன விலை?’ என்பதன்று, ‘ஒரு நாள் உழைப்பு என்ன விலை?’ என்பதே. கைவினை என்னும் சொல்லின் மீதுள்ள பற்றினால் பொறியே கூடாது என்போர் உளர். எந்தக் கட்டத்தில் கைத்திறன் பொருளுக்கு அழகையும் தரத்தையும் கூட்டுகிறதோ அங்குக் கை வேண்டும். வெறும் முதுகுவலியை மட்டும் கூட்டுமிடத்தில் பொறி வேண்டும். மட்டையை நசுக்குவதில் கலை ஏதும் இல்லை.

பொறியை எங்கே வைப்பது என்பதும் கணக்கைச் சார்ந்ததே. நார் எடுக்கும் தாவரப் பகுதிகளில் பெரும்பங்கு நீரும் சதையும்தான். வாழைத்தண்டு நூறு கிலோவைப் பிழிந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ நார் கிடைக்கும். அத்தண்டுகளை வண்டியிலேற்றி நகரத்துத் தொழிலகத்திற்குக் கொண்டுசெல்வது தண்ணீரை வாடகை கொடுத்து ஏற்றிச்செல்வதற்கு ஒப்பாகும். பனைமட்டை வாழையைப்போல நீர்ப்பாங்கானதன்று. எனினும் பருமன் மிக்கது. வண்டியை விரைவில் நிரப்பிவிடும். எனவே பிரித்தெடுக்கும் வேலை மரத்திற்கு அருகே ஊரிலேயே நடந்தாக வேண்டும். தரம் பிரித்தலும் அங்கேயே நடக்குமாயின், எது முதல்தரம் என்பதை வணிகர் மட்டுமே அறிந்திருக்கும் நிலை மாறும். தரம் பிரிக்காத தும்பு முழுவதும் கடைசித் தரத்தின் விலைக்கே வாங்கப்படுவது சந்தை வழக்கம்.

கழிவு காத்த தொழில்

நாரைக்கொண்டே நார்த்தொழில் பிழைப்பது அரிது என்பதற்குத் தென்னையைவிடச் சிறந்த சான்றில்லை. தேங்காய் மட்டையை அடித்தால் மூன்றில் ஒரு பங்கு நாரும் ஏறத்தாழ இரு பங்கு துகளும் கிடைக்கும். கேரளத்துக் காயல்களில் பச்சை மட்டையை மாதக்கணக்கில் ஊறவைத்து வெண்ணார் எடுத்தனர். தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, சிங்கம்புணரி முதலிய இடங்களில் பொறிகளால் பழுப்புநார் எடுக்கும் தொழில் வளர்ந்தது. 1953ஆம் ஆண்டின் கயிறுத் தொழில் சட்டத்தின்படி மைய அரசு கயிறு வாரியத்தை அமைத்தது.

இத்தொழில் வளர வளரத் துகள் மலையாகக் குவிந்தது. எளிதில் மட்காது, மழையில் பழுப்புநீர் கசியும், தீப்பிடித்தால் நாட்கணக்கில் புகையும். இலவசமாக அள்ளிச் செல்லச் சொன்னாலும் ஆள் வரவில்லை. பின்னர் அத்துகள் தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைத் தாங்கவல்லது என்னும் பண்பு கவனத்தைப் பெற்றது. உப்பு நீங்கக் கழுவி, உலர்த்தி, கட்டிகளாக அழுத்தி அனுப்பினால் அயல்நாட்டுப் பசுமைக்குடில்களில் மண்ணுக்கு மாற்றாக அதில் தக்காளியும் பழங்களும் வளர்த்தனர். இன்று இந்தியாவின் தென்னைநார்ப் பொருள் ஏற்றுமதியில் முதலிடம் நாருக்கோ கயிற்றுக்கோ மிதியடிக்கோ இல்லை, அந்தத் துகளுக்கே. ஒருகாலத்தில் சுமையாகக் கிடந்தது இன்று தொழிலைத் தாங்குகிறது. இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. துகளைக் கழுவிய நீரை அப்படியே நிலத்தில் விட்டதனால் கிணற்றுநீர் கெட்டது என்று உழவர் முறையிட்ட ஊர்கள் உள்ளன. கழுவுநீரைத் தூய்மைசெய்யும் செலவையும் சேர்த்து எழுதினால்தான் அக்கணக்கு நேர்மையானது.

பனையிலும் சீவும்போது உதிரும் சோற்றுத் துகளும் குறுநாரும் உள. வாழையில் பிழிந்த சாறும் சக்கையும் உள. அவற்றை எருவாக்கலாம், அட்டையும் தாளும் செய்யலாம். திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நாரோடு நில்லாமல் வாழையின் பிற பகுதிகளின் பயன்களையும் ஆராய்ந்து வருவதை இங்கு நினைவுகூரலாம்.

ஒரே பொருளை ஒரே பயனுக்காக விற்ற நார்த்தொழில் எவ்வாறு சரிந்தது என்பதற்கு ஆப்பிரிக்காவில் சான்று உண்டு. இன்றைய தான்சானியா, 1960களின் நடுவில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கற்றாழைநார் விளைவித்து உலகில் முன்னணியில் நின்றது. அந்நாரின் பெரும்பகுதி மேலைநாட்டு வயல்களில் வைக்கோல் கட்டும் கயிறாகச் சென்றது. பெட்ரோலியத்திலிருந்து செய்த பாலிப்ரோப்பிலீன் கயிறு மலிவாக வந்ததும் விலை வீழ்ந்தது. உள்நாட்டு நிருவாகக் குறைகளும் சேர, அடுத்த முப்பது ஆண்டுகளில் விளைச்சல் பத்தில் ஒரு பங்களவிற்குச் சுருங்கியது. கற்றாழையில் குறையொன்றுமில்லை, வாங்குவோர் ஒரே வாசலில் நின்றதே குறை.

நம் நாட்டுச் சணல் அத்தகைய வீழ்ச்சியிலிருந்து ஓரளவு தப்பியதற்குச் சட்டம் துணைநின்றது. உணவுத் தானியம், சர்க்கரை ஆகியவற்றைக் குறிப்பிட்ட அளவு சணல் பைகளிலேயே கட்ட வேண்டும் என்று விதிக்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அதனால் ஆலைகளும் உழவரும் உறுதியான சந்தையைப் பெற்றனர். வாங்க ஆள் உறுதி என்றானபின் புதுப்பொருள் தேடும் முனைப்புத் தளர்வதும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. சட்டம் ஊன்றுகோலாகலாம், காலாகாது.

செஞ்சியிலிருந்து தொலைவில் இல்லாத வந்தவாசி கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற ஊர். பிளாஸ்டிக் பாயின் மலிவு விலையோடு அது நாள்தோறும் போட்டியிடுகிறது. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையோ வேறுவழி கண்டது. கோரையை மெல்லிய இழைகளாகக் கிழித்துத் துணிபோல மடிக்கத்தக்க பாயை நெய்து, புவிசார் குறியீடும் பெற்றது. அங்கு விலை நிர்ணயிப்பது கோரையன்று, விரல்கள். சென்னையை அடுத்த அனகாபுத்தூர் நெசவாளர் வாழைநார் முதலியவற்றைப் பருத்தியோடு சேர்த்துச் சேலை நெய்வதும் இவ்வழிப்பட்டதே. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. எல்லாக் கோரையும் பத்தமடைப் பாயாக முடியாது. எல்லாத் தும்பும் கலைப்பொருளாக முடியாது. உயர்விலைப் பொருளை வாங்குவோர் சிலர். துடைப்பம் வாங்குவோரோ ஊர் முழுவதும். தொழில் நிலைக்க இரண்டும் வேண்டும்.

பன்னிரண்டு மாத வருவாய்

தஞ்சாவூரில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா, காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் பணிக்குத் தோள்கொடுத்தவர். நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் நூலை அவர் 1940களில் சிறையிலிருந்தபோது எழுதினார். நிலக்கரி, பெட்ரோலியம் போல எடுக்க எடுக்கக் குறையும் தேக்கத்தை நம்பிய வாழ்வு ஒன்று. ஆண்டுதோறும் ஊறிவரும் ஓட்டத்தை நம்பிய வாழ்வு மற்றொன்று என அவர் பிரித்தார். பனை ஓட்டத்தின் பக்கம் நிற்பது. ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு ஓலைகளை அது புதிதாக விரிக்கிறது. முதிர்ந்து தாழ்ந்த ஓலைகளை மட்டும் வெட்டினால் மரத்திற்குக் கேடில்லை. பேராசையால் குருத்தைச் சுற்றியுள்ள ஓலைகளையும் கழித்தால் பதநீர் குறையும், வளர்ச்சி தடைப்படும். அளவறிந்து எடுத்தல் என்பது இங்கு அறவுரை மட்டுமன்று. அடுத்த ஆண்டின் முதல்.

தும்பு மட்டும் ஒரு குடும்பத்தை ஆண்டு முழுதும் காக்காது. பனையோ ஒரு பொருளோடு நிற்பதில்லை. கோடையில் பதநீரும் நுங்கும். ஆடி, ஆவணியில் பழம். பழத்தின் கொட்டையைப் புதைத்தால் தைப்பொங்கலுக்குக் கிழங்கு. இவை ஒன்றன்பின் ஒன்றாக வருபவை; தேக்கிவைக்க முடியாதவை. தும்பும் ஓலையும் தேக்கிவைக்கத் தக்கவை. ஈரமின்றிக் காத்தால் நல்ல விலை வரும்வரை காத்திருக்கும். பதநீர் இறக்கும் பருவத்தில் மட்டையைக் கழித்து அடுக்கிவைத்து, வேலை குறைந்த மாதங்களில் பிரிக்கலாம். மழைக்காலத்தில் உலர்த்த முடியாமையே தடை; ஊருக்கு ஓர் உலர்களம், ஒரு கூரை இருந்தால் அத்தடையும் பெரிதன்று. தமிழ்நாடு மாநிலப் பனைவெல்லம் மற்றும் தும்பு விற்பனைக் கூட்டுறவு சம்மேளனம் என்னும் பெயரை நோக்குக. வெல்லத்தையும் தும்பையும் ஒரே பெயரில் வைத்தவர்கள் இத்தொழிலின் கணக்கை அறிந்தவர்கள்.

வாங்குவோர் யார்? தமிழ்நாடு அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதித்தது. நாட்டுநார்ப் பொருள்களுக்கு அது கதவைத் திறந்தது. ஆயினும் தடையால் உண்டாகும் வெற்றிடம் தானே நிரம்பாது. ஆயிரம் துடைப்பம் கேட்கும் நகராட்சிக்கு ஆயிரமும் ஒரே அளவில், குறித்த நாளில் சேர வேண்டும். தனியொரு குடும்பத்தால் இயலாத அதனைப் பத்து ஊர்களின் மகளிர் குழுக்கள் சேர்ந்து செய்ய இயலும். ஊராட்சிகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் ஆண்டு முழுதும் துடைப்பமும் தூரிகையும் வாங்கியே தீரவேண்டும். அவ்வாங்குதலில் ஒரு பங்கு மாவட்டத்துத் தும்புக்கு ஒதுக்கப்படுமாயின் தொழிலுக்கு அடித்தளம் கிடைக்கும். அதன்மேல் பிற சந்தைகளைத் தேடலாம். செஞ்சியிலேயே புதிய வாய்ப்பொன்று வந்துள்ளது. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மராத்தியர் படையரண்களின் தொகுதியில் ஒன்றாகச் செஞ்சிக்கோட்டையும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. அத்தொகுதியின் பன்னிரண்டு கோட்டைகளுள் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றே. இராசகிரி ஏறி இறங்குவோர் கையில் கொண்டுசெல்ல, இந்த மண்ணின் நாரில் செய்த கூடையோ பையோ இருக்குமானால் அதற்கு இடைத்தரகர் வேண்டியதில்லை.

இவையனைத்திற்கும் முன்னால் தீர்க்கவேண்டிய வினா ஒன்று உண்டு. ஏரிக்கரைப் பனை யாருடையது? அதன் மட்டையைக் கழிக்கும் உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு? ஆண்டுதோறும் ஏலம் மாறினால், ஏலம் எடுத்தவர் இயன்றவரை கழித்துச் செல்வார். மரம் அடுத்தவர் கவலை. பத்து ஆண்டு உரிமை பெற்ற குழு அப்படிச் செய்யாது. மரத்தைக் காப்பது அதன் சொந்தக் கணக்கில் வரவாகிவிடும்.

2021-22ஆம் ஆண்டின் வேளாண்மைக்கென்ற தனி நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் பனங்கன்றுகளும் வழங்கத் தமிழ்நாடு அரசு திட்டம் அறிவித்தது. மாவட்ட ஆட்சியரின் இசைவின்றிப் பனையை வெட்டக் கூடாது என்றும் ஆணையிட்டது. வெட்டுவதைத் தடுக்க ஆணை போதும். வளர்ப்பதற்கு வருவாய் வேண்டும். பனை காய்க்கவும் பதநீர் தரவும் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அவ்வளவு நாள் காத்திருக்க எளியவரால் இயலுமா? இங்கேதான் தும்பு உதவுகிறது. தண்டு உயரு முன்பே வடலி மட்டை விடத் தொடங்கிவிடுகிறது. இளம்பனையின் அடிமட்டையில் இழை நீளமாகக் கிடைக்கும் என்பது தொழில் செய்வோர் அறிந்தது. அதனை எடுக்க மரமேறி வேண்டா. தரையில் நின்றே அறுக்கலாம். 2021இல் ஏரிக்கரையில் ஊன்றிய கொட்டைகள் இன்னும் சில ஆண்டுகளில் அந்நிலையை எட்டும். அதற்குள் ஊரில் நசுக்கும் பொறியும், சீவத் தெரிந்த கைகளும், துடைப்பத்திற்கு முன்பணம் தந்த ஓர் அலுவலகமும் இருந்தால், முதல் நுங்கு காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அம்மரங்கள் தம்மை நட்டவர்க்குக் கூலி கொடுக்கத் தொடங்கியிருக்கும்.